சிங்கப்பூரில் தாய்ச்சி கற்க எங்கே போகலாம்? தனிப்பயிற்சிக்கும் ஜோடிப் பயிற்சிக்கும் ஒரு விமர்சனம்

மெதுவான அசைவுகளாலான சீனத் தற்காப்புக் கலை தாய்ச்சி. சிங்கப்பூரில் அதைக் கற்றுக்கொள்ள இடத்துக்குப் பஞ்சமே இல்லை. சமூக மன்றத்தில் வகுப்பு நடக்கிறது. விடிகாலையில் பூங்காவுக்குப் போனால் மூத்தோர் கூட்டமாக நின்று செய்கிறார்கள். தனி ஆசிரியர்கள் நடத்தும் பள்ளிகளும் இருக்கின்றன. மூன்றிலும் ஒரே கலைதான் என்று சொல்வார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றிலும் கைக்கு வருவது வேறு வேறு.

இங்கே நான் பார்ப்பது இரண்டே விஷயம். தனியாகச் செய்யும் அசைவுத்தொடரை அந்த இடம் எவ்வளவு ஒழுங்காகத் தருகிறது? அதை இன்னொருவர் கையோடு கை வைத்துச் சோதித்துப் பார்க்க இடம் கொடுக்கிறதா? இரண்டாவது இல்லாத வகுப்பில் கற்றது பாதிக் கலைதான். உடல்நலத்துக்கு அந்தப் பாதி போதும் என்பவர்களும் உண்டு, அதில் தவறில்லை. வகுப்புகளின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஒரே மன்றத்தில் ஆசிரியர் மாறினால் வகுப்பே மாறிவிடும். பெயர் சொல்லி என்ன பயன்?

சமூக மன்ற வகுப்பு

பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது 24 அசைவுத் தொடர். சீன அரசின் விளையாட்டு ஆணையம் 1956-இல், தாய்ச்சி மரபுகளில் ஒன்றான யாங் மரபின் நீண்ட தொடரைச் சுருக்கி உருவாக்கியது. முழுதாகச் செய்ய 5 நிமிடம் பிடிக்கும். மூன்று நிமிடத்தில் முடிக்கும் வகுப்பாக இருந்தால், காலில் எடை முழுசாக மாறுவதற்கு முன்பே கை அடுத்த அசைவுக்குப் போய்விடுகிறது என்று பொருள்.

இந்த வகுப்புகளின் பலம் விலையும் ஒழுங்கும். கட்டணம் குறைவு, உறுப்பினர் அட்டை இருந்தால் இன்னும் குறைவு. மழை பெய்தாலும் கூடம் இருக்கிறது. தரை சமமாக இருக்கிறது. விளம்பரத்தில் போட்டிருக்கும் மொத்தத் தொகையைப் பார்க்காமல், அதை வகுப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு பருவத்தில் எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பு எவ்வளவு நேரம் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும்.

பலவீனம் ஆசிரியர் ஒருவராகவும் மாணவர் இருபது, முப்பது பேராகவும் இருப்பது. ஆசிரியர் முன்னால் நின்று செய்கிறார், எல்லாரும் பார்த்துச் செய்கிறார்கள். தொடரின் முதல் பாதிவரை இது ஓடும். 15-ஆம் அசைவில் திரும்பி இடது குதிகாலால் உதைக்க வேண்டும். திரும்பியதும் ஆசிரியர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறார். புதியவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், சமநிலை போகிறது, உதைக்கும் கால் பாதியில் இறங்குகிறது. நல்ல ஆசிரியருக்கு இது தெரியும். கூட்டத்தின் நான்கு மூலையிலும் பழைய மாணவர்களை நிறுத்தி வைத்திருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு ஒருவர் கிடைப்பார். வகுப்பைப் பார்வையிடப் போகும்போது முதலில் கவனிக்க வேண்டியது இந்த நான்கு மூலையைத்தான்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது கால். தாய்ச்சியில் கையைத் திருத்துகிற ஆசிரியர் நிறைய, காலைத் திருத்துகிறவர் குறைவு. முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நிற்கும் வில் நிலையில் இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. குறுக்குவாட்டில் இடைவெளி வேண்டும். குருவியின் வாலைப் பிடிக்கும் அசைவில் சுமார் 10 சென்டிமீட்டர் போதும். முழங்காலை வருடி முன்னேறும் அசைவில் 30 சென்டிமீட்டர் வரை தேவை. ஒரே கோட்டில் கால் வைத்து நடப்பவர் கயிற்றின்மேல் நடப்பதுபோல் ஆடிக்கொண்டே இருப்பார், ‘எனக்குச் சமநிலை கிடையாது’ என்றும் சொல்லிக்கொள்வார். அவர் சமநிலையில் குறையில்லை. கால் வைத்த இடம்தான் தப்பு.

முன் முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது, விரல் காட்டும் திசையிலேயே அதுவும் பார்க்க வேண்டும். தாய்ச்சி செய்து முழங்கால் வலி வந்தது என்று சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றுதான் வரும். ஒன்று, முழங்கால் உள்பக்கம் சரிவது. மற்றது, எடை முழுவதும் ஏறியிருக்கும் காலை அப்படியே தரையில் வைத்துத் திருப்புவது. காலணியின் ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்விக்கொள்ளும், பாதம் திரும்பாது, திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோய், முன்காலின் விரல் பக்கத்தைச் சற்றுத் தூக்கி, குதிகாலில் திருப்பி, பிறகு எடை ஏற்ற வேண்டும். எடையோடு திருப்பும் மரபுகளும் உண்டு. அவர்கள் இடுப்பு மடிப்பைத் திறந்து திருப்பத் தனியாகப் பயில்கிறார்கள். அந்தப் பயிற்சி இல்லாதவர் அதைப் பார்த்துச் செய்யக் கூடாது.

16, 17-ஆம் அசைவுகளில் பாம்பு ஊர்வதுபோல் தாழ இறங்க வேண்டும். அறுபது வயதுக்காரரையும் ‘இன்னும் கீழே, இன்னும் கீழே’ என்று சொல்லும் ஆசிரியரைக் கண்டால் வேறு வகுப்பு தேடலாம். அசைவின் சாரம் எடை ஒரு காலிலிருந்து மற்றதற்கு முழுமையாக மாறுவதில் இருக்கிறது. பிட்டம் எவ்வளவு தாழ்ந்தது என்பது போட்டி நடுவர்களுக்கான கவலை.

வாரம் ஒரு முறை போனால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். 2012-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில் பார்க்கின்சன் நோயுள்ள 195 பேர் கலந்துகொண்டார்கள். தாய்ச்சிக் குழுவுக்குச் சமநிலை மேம்பட்டது. ஆனால் அவர்கள் பயின்றது வாரத்துக்கு 2 முறை, ஒவ்வொன்றும் 60 நிமிடம், 24 வாரம். மன்ற வகுப்பு வாரம் ஒன்றுதான் என்றால் மீதியை வீட்டில் செய்துதான் ஈடுகட்ட வேண்டும். முழுத் தொடருக்கு 5 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் சோபாவைத் தள்ளினாலும் கிடைக்காது. குரங்கை விரட்டிப் பின்வாங்கும் அசைவும் மேகக் கைகளும் இரண்டு மீட்டரில் திரும்பத் திரும்பச் செய்யக்கூடியவை. அவற்றை மட்டும் தினம் பத்து நிமிடம் செய்வது, வாரம் ஒருமுறை முழுத் தொடரையும் தட்டுத்தடுமாறி ஓட்டுவதைவிட மேல்.

பூங்காவும் புளோக் கீழ்த்தளமும்

பூங்காவிலும் அடுக்குமாடி புளோக்குகளின் திறந்த கீழ்த்தளத்திலும் நடப்பவை வகுப்புகள் அல்ல, சேர்ந்து செய்யும் கூட்டங்கள். காலை ஏழு மணிக்குச் சூரியன் வரும் ஊரில் ஆறரைக்கே ஒலிப்பெட்டியில் பாட்டு ஓடத் தொடங்கிவிடும். கட்டணம் இருக்காது, சட்டைக்கும் ஒலிப்பெட்டிக்கும் சிறு தொகை கேட்கலாம். தமிழர் ஒருவர் போய்ப் பின்வரிசையில் நின்றால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. முன்வரிசையில் போய் நிற்காதீர்கள், அது பழையவர்களின் இடம். முடிந்ததும் கூட்டத்தோடு காப்பிக்கடைக்குப் போவதும் பயிற்சியில் சேர்த்திதான். 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் தாய்ச்சியும் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரமும் ஒரே கூட்டத்தொடரில்தான் இடம்பெற்றன. இந்தக் கூட்டங்களில் இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

இங்கே கிடைப்பது எண்ணிக்கை. தினமும் செய்கிறார்கள், அதனால் அசைவுகள் மனத்தில் படிகின்றன. திருத்தம் கிடைக்காது. முன்னால் நிற்பவரின் தூக்கிய தோளும் உங்களுக்கு வந்துவிடும், அவருக்கு முன்னால் நின்றவரிடமிருந்து அவருக்கு வந்ததைப்போல. ஆகவே முதலில் மன்ற வகுப்பில் ஒரு பருவம் முடித்துவிட்டு இங்கே வருவது நல்லது. நேரே இங்கே வந்து கற்றவர்களுக்குப் பழகிப்போன தவறை நீக்க, கற்ற காலத்தைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

தரை, வானிலை பற்றிச் சில சொற்கள். புல்லில் குழி தெரியாது, கணுக்கால் பிரளும். கீழ்த்தள ஓடுகள் மழைச்சாரல் பட்டால் வழுக்கும். கூடைப்பந்துத் திடல் நல்ல தேர்வு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் சுமத்ராவிலிருந்து வரும் பலத்த காற்றும் மழையும் விடியற்காலையிலேயே இறங்கும். இடி கேட்டால் மரத்தடியில் தொடர வேண்டாம். ஏடிஸ் கொசு அதிகாலையிலும் கடிக்கும் என்பதால் முழுக்கால்சட்டை நல்லது.

இருவர் பயிற்சி: எங்கே நேரம் செலவழிக்க வேண்டும்

இதைச் சீனத்தில் துய் ஷோ என்கிறார்கள். இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டும் முன்கையும் ஒட்டியபடி தள்ளவும் விலக்கவும் பழகுவது. ஏன் இது அவசியம்? தனியாகச் செய்யும்போது தோள் தளர்ந்திருக்கிறது என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. இன்னொருவர் உள்ளங்கையை உங்கள் மார்பை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்தால், தளர்ச்சி உண்மையா பொய்யா என்பது இரண்டு விநாடியில் தெரியும். தனிப்பயிற்சி இல்லாமல் இதை மட்டும் செய்தாலும் உருப்படாது. அது மல்யுத்தமாகிவிடும், பலசாலி ஜெயிப்பார், யாரும் எதையும் கற்கமாட்டார்கள்.

நல்ல பள்ளி ஒற்றைக் கையில் தொடங்கும். இருவரும் வலக்காலை முன்வைத்து வில் நிலையில் நிற்கிறார்கள். இருவரின் முன்பாதங்களும் ஒன்றுக்கொன்று இணையாக, நடுவே ஓர் உள்ளங்கை அகலம் விட்டு இருக்க வேண்டும். வலது மணிக்கட்டின் வெளிப்பக்கங்கள் ஒட்டுகின்றன. ஒருவர் உள்ளங்கையைத் திருப்பி மற்றவரின் மார்பை நோக்கித் தள்ளுகிறார். தள்ளுவது கை அல்ல, முன்னால் வரும் எடை. மற்றவர் முன்கையின் வளைவைக் காத்தபடி எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோகிறார். கடைசியில்தான் இடுப்பைத் திருப்புகிறார். தள்ளல் அவர் தோளுக்கு வெளியே போய்விடுகிறது. பிறகு அவர் தள்ளுகிறார். வட்டம் கிடைமட்டமாக ஓடுகிறது. பாதம் அசையக் கூடாது.

சொல்ல எளிது. நடைமுறையில் கெடுவது பெரும்பாலும் கீழ்க்கண்ட வழிகளில். முன்கையின் வளைவு நசுங்கி முழங்கை விலாவில் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த வளைவைப் பெங் என்பார்கள். அது போனபின் இடுப்பைத் திருப்பினாலும் பயனில்லை, தள்ளல் ஏற்கெனவே நெஞ்சில் இறங்கியிருக்கும். இதற்கு நேரெதிர் தவறு கையைக் கம்பியாக விறைத்து எதிர்ப்பது. எதிர்ப்பவர் பாதுகாப்பாக இருப்பதாக நினைக்கிறார். எதிராளி சட்டென்று கையை எடுத்தால் முன்னால் விழுகிறார். மூன்றாவது, பின்னால் போக வேண்டிய நேரத்தில் முதுகை வளைத்துச் சாய்வது. தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பு மடங்காததால் உடம்பு வேறு வழியின்றி இடுப்புக்குமேல் சாய்கிறது. இதைத் திருத்த ஆசிரியர் அந்த மடிப்பில் இரண்டு விரலை வைத்து ‘இங்கே உட்கார்’ என்று காட்டுவார். ஆயிரம் விளக்கத்துக்கு அது சமம். சிங்கப்பூர் வகுப்புகளில் சீனமொழி விளக்கம் புரியாத தமிழ் மாணவர்களுக்கு இப்படித் தொட்டுக் காட்டும் ஆசிரியர்தான் வேண்டும்.

ஒற்றைக் கை படிந்தபின் இரட்டைக் கை வரும். பெங், லு, ஜி, ஆன் என்ற நான்கும் சுழலும். எதிராளி இரு கையாலும் தள்ளினால் அது ஆன். நீங்கள் பெங் எடுத்து வாங்கி, லுவால் பக்கவாட்டில் இழுத்து விடுகிறீர்கள். இழுபட்டவர் தன் முன்கையில் மறுகையை வைத்து அழுத்தி ஜி செய்கிறார். அதை நீங்கள் ஆன் செய்து கீழிறக்கித் தள்ளுகிறீர்கள். இப்போது அவர் பெங் எடுக்கிறார், சுழற்சி அவர் பக்கம் போகிறது. பாதி வகுப்புகளில் லுவும் ஜியும் குழம்பி, இருவரும் கைகளை வட்டமாக ஆட்டிக்கொண்டிருப்பார்கள். சோதிக்க வழி உண்டு: ஆசிரியரிடம் ‘இந்த இடத்தில் அவர் ஜி செய்யாவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். செய்து காட்டுபவர் நல்ல ஆசிரியர். தத்துவம் பேசத் தொடங்கினால் தள்ளிவையுங்கள்.

இந்த வட்டாரத்துக்குச் சொந்தமான ஒரு மரபு இருக்கிறது. தாய்ச்சி ஆசான் செங் மான்சிங்கின் மாணவரான ஹுவாங் ஷெங்ஷியான் 1950-களில் சிங்கப்பூருக்கு வந்து, பிறகு மலேசியாவிலும் பரவலாகக் கற்பித்தார். 1970-இல் மலேசியாவின் கூச்சிங்கில் ஒரு மல்யுத்த வீரரோடு மோதி அவரை 26 முறை வீழ்த்தினார், தான் ஒருமுறையும் விழவில்லை. அவர் வகுத்த ஐந்து தளர்வுப் பயிற்சிகளும் இருவர் பயிற்சிகளும் இந்த வழிப் பள்ளிகளில் இன்றும் முதுகெலும்பு. இங்கே தொடர் 24 அல்ல, செங் மான்சிங் சுருக்கிய 37 அசைவு. மன்றத்தில் 24 கற்றுவிட்டுப் போனால் கை, மணிக்கட்டு, கால் இடைவெளி எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டும். சலித்துக்கொள்ள வேண்டாம், எடை மாற்றப் பழகியது வீணாகாது.

தனிப் பள்ளிகளின் கட்டணம் மன்றத்தைவிடப் பல மடங்கு. அதற்கு ஈடாக ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் உங்களோடு தானே கை வைக்க வேண்டும். உதவியாளரிடம் விட்டுவிட்டு உலாவுகிற இடத்தில் அந்தப் பணம் கொடுக்க அவசியமில்லை. ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மாதக் கணக்கில் கேளுங்கள். ஆசிரியர் விரல் நீட்டினாலே மாணவர்கள் துள்ளிப் பின்னால் பறக்கும் காட்சிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த மாணவர்கள் துள்ளப் பழகியவர்கள். பள்ளியில் சேராத ஒருவரை அவர் தள்ளிக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

பாதுகாப்பு விதிகளை முதல் நாளே சொல்லும் பள்ளியை நம்பலாம். நகம் வெட்டியிருக்க வேண்டும். கைக்கடிகாரம், மோதிரம், வளையல் கழற்றி வைக்க வேண்டும். கண்ணாடி வளையல் உடைந்தால் இருவருக்கும் வெட்டு. விரல்களைப் பிடித்து முறுக்குவதும் தொண்டையைத் தொடுவதும் கூடாது. புளோக் கீழ்த்தளத்தில் செய்வதானால் தூணிலிருந்து இரண்டு மீட்டராவது விலகி நிற்க வேண்டும். தள்ளப்பட்டவர் பின்னால் ஓடுவது இயல்பு, தூண் ஓடாது. முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள், தோள் இறுகியிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. தனித் தொடரோடு நிற்கலாம்.

பெண்கள் ஆண்களோடு கை வைத்துப் பயிலத் தயங்குவது இயல்பு. பெண் ஜோடி வேண்டும் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், சிங்கப்பூர் வகுப்புகளில் பெண்கள் எண்ணிக்கை குறைவில்லை. முழுக்கைச் சட்டை போட்டால் வியர்வை ஒட்டாது. எடை, உயரம் வேறுபட்ட பலரோடு பயில்வது பிற்பாடு உதவும் என்றாலும், முதல் சில மாதங்கள் ஒத்த உயரமுள்ள ஒருவரோடு இருப்பதே நல்லது.

ஜோடி கிடைக்காத நாளில் சுவர் இருக்கிறது. வில் நிலையில் நின்று உள்ளங்கையைச் சுவரில் மார்பு உயரத்தில் வையுங்கள். பின்காலால் தரையை அழுத்தி, சுவரில் அழுத்தம் மெல்லக் கூடச் செய்யுங்கள். தோள் காதை நோக்கி ஏறினாலோ பின்குதிகால் எழும்பினாலோ நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். இடமும் வலமும் ஐந்தைந்து முறை போதும். சுவர் விலக்காது, ஏமாற்றாது, ஆகவே இது முழு மாற்றல்ல.

காணொளிகள், காலணி

காணொளிகளைப் பற்றிச் சுருக்கமாக: நினைவுபடுத்திக்கொள்ள நல்லவை, கற்க நல்லவையல்ல. ஆசிரியர் முகம் காட்டிச் செய்தால் இடம் வலமாகிறது. முதுகு காட்டிச் செய்பவரைத் தேடுங்கள்.

காலணியில் பணத்தை வீணாக்க வேண்டாம். தடித்த, மெத்தென்ற குதிகால் உள்ள ஓட்டக் காலணி சரிவராது; எடை எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியாது, குதிகால் உயர்ந்திருப்பதால் உடல் முன்னால் சாயும். சைனாடவுன் பக்கம் கிடைக்கும் மலிவான, தட்டையான கித்தான் காலணி போதும். வாங்கும்போது இரண்டு சோதனை: கையால் மடித்தால் விரல் பக்கம் எளிதாக மடங்க வேண்டும், போட்டுக்கொண்டு கடைத் தரையில் குதிகாலில் திரும்பிப் பார்த்தால் இடறாமல் திரும்ப வேண்டும். இரண்டாவதில் தேறாத காலணிதான் முழங்காலைக் கெடுப்பது. ஈரப்பதத்தில் கித்தான் ஒரே நாளில் காயாது. தினமும் செய்பவர் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது

இதுவரை உடற்பயிற்சியே செய்யாத அறுபது கடந்தவருக்கு மன்ற வகுப்பு. நான்கு மூலையிலும் ஆள் நிறுத்தும் ஆசிரியர் கிடைத்தால் ஐந்தில் நான்கு மதிப்பெண் தரலாம். மீதி ஒன்று இருவர் பயிற்சி இல்லாததால் குறைகிறது. தொடர் மனப்பாடமானவருக்குப் பூங்காக் கூட்டம். அது இலவசம் என்பதால் மதிப்பெண் தேவையில்லை. இருபது முதல் ஐம்பது வயதுக்காரர் கலையாகவே கற்க விரும்பினால் நேரே துய் ஷோ சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்குப் போகட்டும். ஒரு மாதம் சோதனையாகச் சேர்ந்து, ஆசிரியர் எத்தனை முறை தன்னோடு கை வைத்தார் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கலாம். போகும்போது சிறு துவாலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டி இல்லாத கூடத்தில் பத்து நிமிடத்தில் முன்கை வழுக்கத் தொடங்கிவிடும், வழுக்கும் கையில் ஒட்டிப் பழக முடியாது.